கொம்பு பின்னாடி முளைச்ச கொக்கு

"சார், கொக்குக்கு கொம்பு பின்னாடி முளைச்சிருக்குங்க சார்."

ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் இப்படிச் சொல்லவும் மொத்த வகுப்பும் கொல்லுன்னு சிரிச்சுது. நானும் கூட சேர்ந்து சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள மூணு மாச உழைப்பு அப்படியே உக்காந்து போச்சு. ப்ரொஜக்டர்ல நான் பண்ணின கேம் ஓடிட்டிருக்கு, படத்துல கொக்கு அழகா ஒத்தக் கால்ல நிக்குது, கீழ 'கொக்கு'ன்னு வரவேண்டிய இடத்துல முதல்ல ஒரு மொட்டை 'க', அதுக்கு அப்புறம் ஒத்தைக் கொம்பு, ஒரு இடைவெளி விட்டு துணைக்கால், அப்புறம் இன்னொரு 'க', புள்ளி எங்கேயோ ஓரமா, கடைசி 'கு' சேரவே இல்ல, 'க' தனியா அதோட சுழி தனியா கிடக்குது. எழுத்தே இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கிற புள்ளைங்களுக்கு இதைக் காட்டினா என்ன ஆகும்? என் சம்சாரம் சத்தமில்லாம எந்திரிச்சு வந்து ப்ரொஜக்டரை ஆஃப் பண்ணிட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் வண்டியில ரெண்டு பேரும் பேசிக்கல.

நான் ஐடி ஆள் கிடையாது. பிகாம் படிச்சுட்டு ஈரோடு பக்கம் ஒரு நூல் கடையில கணக்கு எழுதுறேன், டாலி தெரியும், எக்செல் நல்லா தெரியும், அவ்வளவுதான். சம்சாரம் ஆரம்பப் பள்ளி டீச்சர். 2021ல கொரோனாவுக்கு அப்புறம் ஸ்கூல் திறந்தப்ப ரெண்டாவது மூணாவது வந்த புள்ளைங்க பாதிப் பேருக்கு அ ஆ கூட மறந்திருந்துச்சு, அவ தினமும் வீட்டுக்கு வந்து அதையே சொல்லிப் புலம்புவா, அப்ப நம்ம பொண்ணு ஸ்கிராட்ச்னு குழந்தைங்க கேம் பண்ணிப் பழகுற சாஃப்ட்வேர்ல ஏதோ பூனையை நடக்க விட்டு விளையாடிட்டிருந்தா, இதுலயே எழுத்து சொல்லித்தர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணலாமேன்னு ஆரம்பிச்சதுதான். காசு போடக்கூடாதுங்கிறது வீட்டுல போட்ட முதல் கண்டிஷன். அதனால நான் தொட்டது எல்லாமே ஓசியில கிடைக்கிற, சோர்ஸ் கோடு திறந்து கிடக்கிற சாமான்கள் மட்டும்தான். இப்ப நாலு வருஷம் ஓடிப்போச்சு. புதுசா ஆரம்பிக்கிற டீச்சருங்களும் அப்பா அம்மாக்களும் நான் இடிச்ச செவுத்துல போய் இடிக்க வேண்டாமேன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஸ்கிராட்ச். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல 2007ல வெளியிட்டது, குழந்தைங்களுக்குன்னே பண்ணினது, பிளாக்கை இழுத்து இழுத்து ஒட்டினா போதும். என் முதல் கேம் ரொம்ப சாதாரணம், ஒரு படம் வரும், அந்தப் பேர்ல எத்தனை எழுத்துன்னு கட்டம் கட்டமா காட்டும், புள்ளைங்க எழுத்தைத் தொட்டு நிரப்பணும். ஒரு வார்த்தைல எத்தனை எழுத்துன்னு சொல்றதுக்கு ஸ்கிராட்ச்லயே 'லெங்த் ஆஃப்'னு ஒரு பிளாக் இருக்கு. நான் 'அம்மா'ன்னு போட்டேன். அஞ்சுன்னு காட்டுச்சு. அட, தப்பா டைப் பண்ணிட்டேன் போலன்னு மறுபடி போட்டேன், மறுபடியும் அஞ்சு. 'யானை' போட்டேன், நாலு. ஒரு மணி நேரம் ஏதோ சாஃப்ட்வேர் கோளாறுன்னு நெனச்சு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் 'லெட்டர் 3 ஆஃப்'னு போட்டுப் பார்த்தா வெறும் புள்ளி மட்டும் ஒரு புள்ளி வட்டத்து மேல உக்காந்து வந்துச்சு. அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது.

கம்ப்யூட்டருக்கு 'ம்'ங்கிறது ஒரு எழுத்து கிடையாது, 'ம' ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ஆக ரெண்டு. 'மா' ரெண்டு, 'கொ' ரெண்டு. நாம 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒண்ணு, மொத்தம் 247ன்னு படிச்சோமில்ல, கம்ப்யூட்டர்ல எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோட்ல அப்படி 247க்கும் தனித்தனி எண் கொடுக்கல, உயிருக்கு, அகரம் ஏறின மெய்க்கு, அப்புறம் கொம்பு கால் சுழி புள்ளி மாதிரி ஒட்டுக்குறிகளுக்குத்தான் எண் இருக்கு. இங்கிலீஷ்காரங்க பண்ணின டூல்ல ஒரு எண்ணுன்னா ஒரு எழுத்துன்னு நெனச்சு எழுதியிருப்பாங்க, அவங்க மொழிக்கு அது சரியாத்தான் வரும். எழுத்து எண்ணுற, எழுத்தைக் கலைச்சுப் போடுற, எழுத்தை நிரப்புற எந்த கேமா இருந்தாலும் தமிழுக்கு இதே பிரச்சனைதான் வரும், அது எந்த டூலா இருந்தாலும் சரி. ஸ்கிராட்ச்ல நான் பண்ணின வழி ரொம்ப நாட்டு வழி, ஒவ்வொரு வார்த்தையையும் நானே கையால பிரிச்சு லிஸ்ட்ல போட்டுட்டேன், அ, ம், மா அப்படின்னு. முப்பது வார்த்தைக்கு இது போதும். முன்னூறு வார்த்தைன்னா செத்தோம்.

அதே மாதிரி ஸ்கிராட்ச்ல காஸ்ட்யூம் வரையிற இடத்துல தமிழ்ல டைப் பண்ணினா அது அந்தந்த கம்ப்யூட்டர்ல இருக்கிற தமிழ் ஃபான்ட்டைத்தான் எடுத்துக்கும். என் லேப்டாப்ல நல்லா தெரிஞ்சது ஸ்கூல் கம்ப்யூட்டர்ல வேற சைஸ்ல வந்து கட்டத்தை விட்டு வெளிய போச்சு, இன்னொரு கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட்டே இல்ல, வெறும் டப்பா டப்பாவா வந்துச்சு. டைப் பண்ணி முடிச்ச உடனே 'கன்வெர்ட் டு பிட்மேப்' கொடுத்துட்டா அது படமா மாறிடும், அப்புறம் எங்க போனாலும் மாறாது. இதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை மிச்சமாயிருக்கும்.

அடுத்து, பண்ணின கேமை புள்ளைங்களுக்கு எப்படிக் கொண்டு சேர்க்கிறது. முக்காவாசி வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது, அப்பாவோட ஆண்ட்ராய்டு போன் ஒண்ணுதான், அதுவும் அப்பா தறியில இருந்து வந்து குளிச்சு சாப்பிட்டு முடிச்சப்புறம் அரை மணி நேரம் கையில கிடைக்கும். ஸ்கிராட்ச் ஃபைலை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்பினா யாருக்கும் திறக்காது. அதுக்குத்தான் டர்போவார்ப். ஸ்கிராட்சையே எடுத்து வேகமா ஓடற மாதிரி மாத்தினது, அதோட பேக்கேஜர்னு ஒண்ணு இருக்கு, நம்ம ப்ராஜெக்டைக் கொடுத்தா ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைலா கட்டிக் கொடுத்துடும், உள்ளயே படம் சத்தம் எல்லாம் இருக்கும், நெட்டே வேண்டாம், ப்ரௌசர் இருந்தா போதும். வாட்ஸ்அப்ல வந்த ஃபைலை நேரா தட்டினா சில போன்ல திறக்கும் சில போன்ல முழிக்கும், அதனால டவுன்லோடு பண்ணிட்டு க்ரோம்ல திறங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் கூடவே அனுப்பிடுவேன். எழுத்துல அனுப்பினா யாரும் படிக்கிறதில்ல.

இவ்வளவுக்கு ஓடினதோட நிறுத்தியிருக்கலாம். நமக்குத்தான் ஆசை விடாதே. 2022ல கோடாட்னு ஒரு கேம் பண்ற சாஃப்ட்வேர் பக்கம் போனேன். 2014ல இருந்து எம்ஐடி லைசென்ஸ்னு யார் வேணா எடுத்துக்கிற உரிமத்துல திறந்து விட்டிருக்காங்க, நிஜமான கேம் கம்பெனிக்காரங்களே அதுல கேம் பண்றாங்க, வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து ஒரு சந்தை பண்ணினேன், புள்ளைங்க கூடையை எடுத்துக்கிட்டு நடந்து போய் காய் வாங்கணும், ஒவ்வொரு காய்க்கும் பேர்ப்பலகை. பண்ணிட்டிருந்த வரைக்கும் பலகையில எல்லாம் 'காய் 1', 'காய் 2'ன்னு போட்டுட்டு, அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். காய் ஒண்ணுல கொம்பு சுழி எதுவும் இல்ல பாருங்க, 'கா', 'ய்' ரெண்டும் அப்படியே வரிசையா வர்ற எழுத்து, அதனால புள்ளி கொஞ்சம் தள்ளி நின்னாலும் கிட்டத்தட்ட சரியாத்தான் தெரிஞ்சுது. கொக்கு, கொய்யா, வெண்டைக்காய் எல்லாம் டெமோவுக்கு முந்தின ராத்திரி அவசர அவசரமா எக்செல்ல இருந்து ஏத்தினது, ஓட்டிக்கூடப் பார்க்கல. மறுநாள் நடந்ததுதான் மேல சொன்ன கதை.

அப்புறம் தேடிப் பார்த்தா காரணம் எளிமையா இருந்துச்சு. 'கொ'வோட கொம்பு கம்ப்யூட்டர் மனசுல 'க'வுக்குப் பின்னாடிதான் இருக்கு, அதை முன்னாடி கொண்டு வந்து வைக்கிறது, சுழியை எழுத்தோட சேர்த்து ஒட்டுறது எல்லாம் ஷேப்பிங்னு ஒரு தனி வேலை. ப்ரௌசர்ல, வேர்ட் மாதிரி சாஃப்ட்வேர்ல இதை யாரோ நமக்காக சத்தமில்லாம செஞ்சு வச்சிருக்காங்க, நாம நெனச்சுக்கூடப் பார்க்கிறதில்ல. கோடாட் 3ல அந்த வேலை இல்ல. 2023 மார்ச்ல வந்த கோடாட் 4ல ஹார்ஃப்பஸ்னு ஒரு நூலகத்தை (ரெடிமேட் கோடு தொகுப்பை) சேர்த்து அதைச் சரி பண்ணிட்டாங்க, தமிழ், இந்தி, அரபி எல்லாமே ஒழுங்கா வருது.

நடுவுல இருந்த அந்த மாசங்கள்ல நான் பண்ணின கூத்து என்னன்னா, இங்க்ஸ்கேப்னு ஒரு படம் வரையிற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு வார்த்தையையும் தமிழ்ல அடிச்சு (அதுல தமிழ் சுத்தமா வரும்) பிஎன்ஜி படமா எடுத்து கேம்ல ஒட்டினது. 180 வார்த்தை. ஒட்டி முடிச்சப்புறம் சம்சாரம் பார்த்துட்டு "ஏனுங்க, 'சுரைக்காய்'க்கு இடையின ர போடோணும், நீங்க வல்லின ற போட்டிருக்கீங்க"ன்னா. மறுபடி இங்க்ஸ்கேப், மறுபடி எக்ஸ்போர்ட், மறுபடி ஒட்டல். ஒரு எழுத்துக்கு அஞ்சு நிமிஷம்.

சரி, கோடாட் 4 வந்துடுச்சே, பிரச்சனை முடிஞ்சுதுன்னு பழைய ப்ராஜெக்டை அதுக்கு மாத்தினேன், என் லேப்டாப்ல கொக்கு அழகா முன்னாடி கொம்போட நின்னுச்சு, சந்தோஷமா பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போனா ஸ்கூல்ல யாரோ தானமா கொடுத்த பழைய லேப்டாப்ல கேம் திறக்கவே இல்ல. 2 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் ரொம்ப பழசு. கோடாட் 4ல இருக்கிறதுலயே லேசான கம்பாட்டிபிலிட்டி மோடுக்கே கிராஃபிக்ஸ்ல ஓப்பன்ஜிஎல் 3.3ங்கிற வசதி வேணும், அந்த மெஷின்ல அது இல்ல. கோடாட் 3ல ஜிஎல்இஎஸ்2ன்னு ஒரு மோடு இருக்கு, அது அந்த லேப்டாப்ல ஜம்முன்னு ஓடும். ஆக, தமிழ் வர்ற கோடாட் அந்த லேப்டாப்ல ஓடாது, ஓடற கோடாட்ல தமிழ் வராது. அன்னிக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். என் தப்பு எங்கேன்னா, நான் டூலை முதல்ல எடுத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி புள்ளைங்களைத் தேடிட்டிருந்தேன். இப்ப யாராச்சும் எந்த டூல் நல்லதுன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்கிறது ரெண்டே கேள்விதான். கேம் ஓடப்போற மிஷின் எது? அதுல 'கொக்கு'ன்னு டைப் பண்ணிப் பார்த்தாச்சா? முதல் நாளே, ஒரு படம் கூட வரையிறதுக்கு முன்னாடி, அந்த மிஷின்லயே பார்த்துடணும். கொக்கு கூடவே 'ஸ்ரீ', 'பூ', 'லை', 'தௌ' இந்த நாலையும் அடிச்சுப் பாருங்க, இந்த அஞ்சும் ஒழுங்கா வந்துட்டா மத்ததெல்லாம் வந்துடும்.

அந்த லேப்டாப்புக்கு விண்டோஸை எடுத்துட்டு லுபுண்டுன்னு லேசான ஒரு லினக்ஸ் போட்டேன், உயிர் வந்துச்சு. ஸ்கிராட்சோட சொந்த ஆப் லினக்ஸுக்கு இல்ல, அதனால டர்போவார்ப் டெஸ்க்டாப். மத்தபடி ப்ரௌசர்ல ஓடறது மட்டுமே பண்றதுன்னு முடிவு எடுத்தேன், ஏன்னா தமிழை ஒழுங்கா காட்டுற வேலையை ப்ரௌசர் பார்த்துக்கும்.

அப்படித்தான் ட்வைன்கிட்ட வந்தேன். இதைப் பத்தி நம்ம ஆளுங்க அதிகம் பேசுறதில்ல, எனக்கு என்னவோ டீச்சருங்களுக்கு இதுதான் முதல் டூலா இருக்கணும்னு தோணுது. கிறிஸ் கிளைமஸ்னு ஒருத்தர் 2009ல ஆரம்பிச்சது. கதை எழுதத் தெரிஞ்சா போதும், ரெண்டு சதுர அடைப்புக்குறிக்குள்ள ஒரு வாக்கியத்தைப் போட்டா அது அடுத்த பக்கத்துக்குப் போற பட்டன் ஆயிடும். பழைய சந்தையையே இதுல மறுபடி எழுதினேன், படம் கிடம் எதுவும் இல்ல, வெறும் எழுத்து. கையில 50 ரூபாய், அம்மா தக்காளி, கத்திரிக்காய், ஒரு கட்டு கீரை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. தக்காளிக்கார அம்மா 20 ரூபாய்ங்கிறாங்க. "குறைச்சுக் கேக்கலாமா, அப்படியே வாங்கலாமா, அடுத்த கடைக்குப் போலாமா." மூணு பட்டன். ஒரு கடையில மீதிச் சில்லறை வேணும்னே ரெண்டு ரூபாய் கம்மியா வரும், எண்ணிப் பார்க்காம போயிட்டா கதையோட கடைசியில வீட்டுல அம்மா கேப்பாங்க, "ஏங்கண்ணு, மிச்சக் காசை எண்ணிப் பாத்தியா?" படமே இல்லாத இந்த கேமை புள்ளைங்க நாலு தடவை ஆடினாங்க, அந்த ரெண்டு ரூபாயை எந்தக் கடைக்காரர் அமுக்கினாருன்னு கண்டுபிடிக்க. கழித்தல் கணக்கும் ஆச்சு, வாசிப்பும் ஆச்சு. மூணு மாசம் நான் 3டி கூடை பண்ணினேனே, அதை நெனச்சா எனக்கே சிரிப்பா வருது.

ட்வைன்ல ஒரே ஒரு எச்சரிக்கை. நெட்ல நேரா ப்ரௌசர்லயே எழுதினா கதை எல்லாம் அந்த ப்ரௌசருக்குள்ளதான் சேமிக்கும். போன் ஸ்லோவா இருக்குன்னு க்ளியர் பண்ற மாதிரி நான் ஒரு நாள் லேப்டாப்ல ப்ரௌசர் டேட்டாவை மொத்தமா க்ளியர் பண்ணினேன், நாப்பது பக்கக் கதை போச்சு. முழுக்க என் முட்டாள்தனம், காப்பி எடுத்து வைக்கிற வசதி அதுலயே இருக்கு. டெஸ்க்டாப் ஆப்பை இறக்கிக்கிட்டா ஃபைலா சேமிக்கும், அதை அப்பப்ப பென் டிரைவ்ல போட்டுக்குங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச கேம் எதுன்னா ல ள ழ. எங்க பக்கம் 'ழ' கிட்டத்தட்ட காணாமப் போச்சு, பெரியவங்களே வாளைப்பளம்னுதான் சொல்றோம், அப்புறம் புள்ளைங்க எழுதும்போது மட்டும் எப்படி ழ வரும்? கேம் இதுதான். ஒரு குரல் 'புளி'ங்கும், திரையில புலி படமும் புளி படமும் இருக்கும், சரியானதைத் தொடணும். மலை மழை, பல்லி பள்ளி, கோலி கோழி, கிளி கிழி. குரல் யாரோடதுன்னா சம்சாரத்தோடது. கம்ப்யூட்டரையே பேச வைக்கலாம்னு பார்த்தேன், ஸ்கிராட்ச்ல இருக்கிற பேச்சு பிளாக்குக்கு நெட் வேணும், தமிழும் இல்ல, அதுவுமில்லாம ல ள ழ வித்தியாசம் காதுல தெளிவா விழற மாதிரி மனுஷக் குரல்தான் சொல்லும்.

ரெக்கார்டிங்தான் பெரும்பாடு. எங்க தெருவுல ரெண்டு பக்கமும் பவர்லூம், காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் டக்டக் டக்டக். ஆடாசிட்டின்னு ஒலியை வெட்டி ஒட்டுற சாஃப்ட்வேர்ல நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கு, யாரும் பேசாத ரெண்டு செகண்டைத் தேர்ந்தெடுத்து இதுதான் இரைச்சல்னு காட்டிட்டு, அப்புறம் மொத்தத்தையும் செலக்ட் பண்ணிக் கொடுத்தா அந்த இரைச்சலை எடுத்துடும். ஃபேன் சத்தத்துக்கு இது பிரமாதம், ஏன்னா ஃபேன் ஒரே சீரா ஓடும். தறிச் சத்தம் விட்டு விட்டு அடிக்கும், அதுக்கு சரிப்படல, சத்தம் போறதோட சேர்ந்து ழ-வும் போயிடுச்சு, தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி வந்துச்சு. கடைசியில கரண்ட் போன ஒரு மத்தியானம் தறி எல்லாம் நின்னுது, நான் கடையில இருந்து ஓடி வந்தேன், போன்லயே நாப்பது வார்த்தையையும் ஒரே மூச்சுல எடுத்துட்டோம். மாதாந்திர பராமரிப்புக்கு மின் நிறுத்தம்னு பேப்பர்ல அறிவிப்பு வந்தா எங்களுக்கு அதுதான் இன்னிக்கும் ஸ்டூடியோ நாள். ஒரு வார்த்தைக்கு முன்னாடியும் பின்னாடியும் அரை செகண்ட் அமைதி விட்டுப் பேசச் சொல்லுங்க, வெட்டும்போது சுலபம். எம்பி3ல மோனோவா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, எல்லா போன்லயும் பாடும்.

புள்ளைங்க விளையாடும்போது பக்கத்துல சும்மா உக்காந்து பார்த்தாத்தான் நம்ம லட்சணம் தெரியும். ல ள ழ கேம்ல தப்பா தொட்டா 'டொய்ங்ங்'னு ஒரு சத்தம் வர்ற மாதிரி வச்சிருந்தேன், சரியா தொட்டா மணிச் சத்தம். ஒரு பொண்ணு வரிசையா தப்புத் தப்பா தொட்டுட்டே இருந்தா, ஐயோ பாவம் புரியல போலன்னு பக்கத்துல போனா அது டொய்ங்குக்காகத்தான் தொடுது, எல்லா விடையும் அதுக்குத் தெரியும். டொய்ங்கைத் தூக்கி சரியான விடைக்குப் போட்டேன், தப்புக்கு சத்தமே இல்லாம ஆக்கினேன். மறுநாள் வகுப்பு முழுக்க டொய்ங் டொய்ங்னு நூத்துக்கு நூறு. டைமர் வச்சதையும் எடுத்துட்டேன், ஓடற புள்ள டைமர் இல்லாமயும் ஓடுது, மெதுவா வாசிக்கிற புள்ள டைமரைப் பார்த்துட்டே எழுத்தை விட்டுடுது. ஒரு லேப்டாப்புக்கு நாலு பேர் உக்காந்தா மௌஸ் புடிச்சவன்தான் ராஜா, மத்த மூணு பேரும் வேடிக்கை. அதுக்கு ஒவ்வொரு கேள்விக்கும் அப்புறம் "மௌஸை வலது பக்கம் கொடு"ன்னு ஒரு திரை வர வச்சேன், பதினைஞ்சு நிமிஷ வேலை, நான் பண்ணினதுலயே உருப்படியானது அதுதான்னு சம்சாரம் சொல்றா.

இன்னொண்ணு, நாமளே பண்ணணும்னு அவசியமும் இல்ல. ஜிகாம்ப்ரின்னு ஒண்ணு இருக்கு, 2000ல ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சது, இப்ப கேடிஇங்கிற ஓசி சாஃப்ட்வேர் குழு ஆளுங்க பார்த்துக்கிறாங்க, பேருக்கு அர்த்தமே பிரெஞ்சுல 'எனக்குப் புரிஞ்சுது'ங்கிறதுதான். நூத்துக்கு மேல குட்டிக் குட்டி விளையாட்டு, கடிகாரம் பார்க்க, காசு எண்ண, கூட்டல் கழித்தல். மௌஸே புடிக்காத புள்ளைங்களுக்கு மௌஸை நகர்த்தி திரையைத் துடைக்கிற விளையாட்டு ஒண்ணு இருக்கு, நாங்க எப்பவுமே அதுலதான் ஆரம்பிப்போம். படம் வரைய டக்ஸ் பெயின்ட். ஒரு நாள்ல ஒரு வினாடி வினாவோ ஞாபக விளையாட்டோ வேணும்னா எச்5பி, அதை நெட் இல்லாமயே பண்ண லூமின்னு டெஸ்க்டாப் ஆப், அதுவும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலா கொடுக்கும். இதெல்லாம் இருக்கிறப்ப கூட்டல் கழித்தலுக்கு புதுசா கேம் பண்றது வீண் வேலை. தமிழுக்குன்னு வேணுங்கிறதுக்கு மட்டும் நம்ம நேரத்தை வச்சுக்கலாம்.

படம் விஷயத்துல நான் ஆரம்பத்துல பண்ணினது சுத்தத் திருட்டு, கூகுள்ல தேடி வந்ததை எல்லாம் அள்ளிப் போட்டேன். மத்த ஸ்கூலுக்கும் கொடுக்கலாம்னு ஒரு டீச்சர் கேட்டப்பத்தான் இதுல எது யாரோடதுன்னே தெரியலையேன்னு உறைச்சுது. ஒரு வாரம் உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். கென்னின்னு ஒரு தளத்துல ஆயிரக்கணக்குல படம், பட்டன், சத்தம் எல்லாம் சிசி0ங்கிற லைசென்ஸ்ல இருக்கு, யார் வேணா எடுத்துக்கலாம், பேர் கூடப் போட வேண்டாம். விக்கிமீடியா காமன்ஸ்ல படத்துக்குக் கீழயே லைசென்ஸ் போட்டிருக்கும், அதையும் வரைஞ்சவர் பேரையும் எடுக்கும்போதே ஒரு எக்செல்ல எழுதி வச்சுக்குங்க, அப்புறமா தேடினா கிடைக்காது. ஆனா அங்கயெல்லாம் முறம் கிடைக்காது, அம்மிக்கல் கிடைக்காது, நம்ம ஊர் பனங்கிழங்கு கிடைக்காது. புள்ளைங்களையே கிரேயான்ல வரையச் சொல்லி போன்ல படம் எடுத்துப் போட்டோம். தான் வரைஞ்ச கோழி கேம்ல நடக்குதுன்னு தெரிஞ்ச பையன் அந்த ஒரு கேள்வியை எத்தனை தடவை ஆடியிருப்பான்னு கணக்கே இல்ல. ஃபான்ட்டுக்கு நோட்டோ, லோஹித் ரெண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல இருக்கு, கேமோடயே சேர்த்துக் கொடுக்கலாம், புள்ளைங்களுக்குக் கொஞ்சம் குண்டு குண்டா வேணும்னா பலூ தம்பி.

வார்த்தைப் பட்டியல் சம்சாரம் பழைய கேள்வித்தாள்ல இருந்து கொடுத்தா, எல்லாம் யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சது. கேம்ல ஒட்டினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. முதல்ல யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் தொடணும். அதுலயும் ஒரு 'ஔவை' என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க விடல. புள்ள சரியாத்தான் பொருத்துது, கேம் தப்புங்குது. உத்துப் பார்த்தா பட்டியல்ல இருக்கிறது ஔ இல்ல, 'ஒ' போட்டு பக்கத்துல 'ள' போட்டது, திரையில பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். 'கொ'வும் அப்படித்தான், சில பழைய கீபோர்டுல அடிச்சா கொம்பு தனி எண், கால் தனி எண்ணா போய் உக்காந்துக்கும், புதுசுல ரெண்டும் சேர்ந்து ஒரே எண். ஜாவாஸ்கிரிப்ட்ல 'நார்மலைஸ்'னு ஒரு வரி போட்டா கொ சரியாயிடும். ஒள மட்டும் கண்ணால பார்த்துத்தான் திருத்தணும்.

இப்ப நான் நேரா எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட்லயே சின்னச் சின்னதா எழுதுறேன். எழுத்து எண்ணுறதுக்கு 'இன்டில் செக்மென்ட்டர்'னு ப்ரௌசர்லயே ஒண்ணு இருக்கு, 'அம்மா' கொடுத்தா மூணுன்னு சரியா பிரிச்சுக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல 2024லதான் வந்துச்சு, பழைய ப்ரௌசர் இருக்கிற மெஷினுக்கு நானே ஒரு விதி எழுதிட்டேன், கொம்போ காலோ சுழியோ புள்ளியோ வந்தா முன்னாடி இருக்கிற எழுத்தோட ஒட்டிக்க, அவ்வளவுதான், பத்து வரி. பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஓப்பன்-தமிழ்னு ஒரு நூலகம் இருக்கு, அதுல எழுத்து பிரிக்கிறது எல்லாம் ரெடிமேடா கிடைக்கும்.

இந்த வருஷம் ஜூன்ல புது ரெண்டாங்கிளாஸுக்கு 'உன் பேர்ல எத்தனை எழுத்து'ன்னு ஒரு கேம் போட்டேன். பேரைச் சொன்னா நான் டைப் பண்ணுவேன், திரையில ஒவ்வொரு எழுத்தும் ஒரு பலூன்ல ஏறிப் பறக்கும். இருபத்தி மூணு பேருல ஆறு பேருக்குப் பேர் முடியறது ஸ்ரீ-ல, இப்ப எல்லா வீட்டுலயும் அப்படித்தானே வைக்கிறாங்க. முதல் ஸ்ரீ வந்துச்சு, செக்மென்ட்டர் அதை 'ஸ்' ஒரு பலூன், 'ரீ' ஒரு பலூன்னு ரெண்டா உடைச்சுருச்சு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு இடுப்புல கை வச்சுக்கிட்டு, "சார், இது என் பேர் இல்லீங்க சார்"ன்னா. மீதி அஞ்சு பேரும் அப்ப எங்க பேரும் உடையுமான்னு அழுவுற நிலைமைக்கு வந்துட்டாங்க.

ராத்திரி ஸ்ரீ-க்கும் க்ஷ-வுக்கும் தனியா ரெண்டு வரி சேர்த்தேன். மறுநாள் காலையில ப்ரேயர் முடியறதுக்கு முன்னாடியே ஆறு பேரும் லேப்டாப் முன்னாடி வரிசையா நின்னாங்க.